ஸ்லரி குட்டையைப் பசுமையாக்கினோம்

நான் தாவரவியலில் முதுகலை படித்தவள். எங்கள் பக்கத்தில் அந்தப் படிப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ஆசிரியர் தேர்வு எழுதுவது. இன்னொன்று, அடுத்த தேர்வு அறிவிப்புக்குக் காத்திருப்பது. இரண்டையும் பல வருடம் ஒழுங்காகச் செய்தேன். இடையில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். கொரோனாவில் பள்ளியை மூடினார்கள். மறுபடி திறந்தபோது தாவரவியலையும் விலங்கியலையும் ஒரே ஆள் நடத்தினால் போதும் என்று முடிவாகியிருந்தது. அந்த ஒரே ஆள் நானில்லை.

அந்தச் சமயத்தில்தான் குவாரி முதலாளி என் கணவரின் உரக்கடைக்கு வந்தார். அன்னவாசல் கடைவீதியில் ஒரு ஷட்டர் மட்டும் உள்ள சின்னக் கடை. வந்தவர் உட்காராமலே கேட்டாராம்.

"கல்லுத்தூள்ல வளர்ற மாதிரி ஏதாச்சும் செடி இருக்குங்களா?"

என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செடி இல்லைங்க. ஆனா எங்க வீட்டுல பாட்டனி படிச்ச ஆள் ஒண்ணு சும்மா இருக்கு" என்றிருக்கிறார். என் வேலைவாய்ப்பு இப்படித்தான் அமைந்தது. மறுநாள் காலையில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றும், "சுற்றுச்சூழல் பொறுப்பாளர்" என்று அச்சடித்த அடையாள அட்டை ஒன்றும் தந்தார்கள். எடைமேடை அறையில் ஒரு மேசை. டிப்பர் லாரி எடைமேடையில் ஏறும்போதெல்லாம் என் மேசையும் ஏறி இறங்கும். சுற்றுச்சூழலுக்கு அவ்வளவு நெருக்கமாக அதுவரை நான் வேலை பார்த்ததில்லை.

குவாரி குடுமியான்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அங்கே ஒரு காலத்தில் பாறையில் சங்கீதத்தைச் செதுக்கிவைத்தார்கள். நாங்கள் பாறையை உடைத்து, அரைத்து, எம்-சாண்ட் என்கிற செயற்கை மணலாக்கித் திருச்சிக்கு அனுப்பினோம். காலத்துக்கு ஏற்ற மாதிரிதானே எதையும் செய்ய முடியும்.

அரைத்த மணலை அப்படியே விற்க முடியாது. அதில் மாவு மாதிரி தூள் கலந்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் பால் மாதிரி வெள்ளைச் சாம்பல் நிறத்தில் ஓடிவரும். அதற்குப் பெயர் ஸ்லரி. அதை மூன்று பக்கம் கரை போட்ட பெரிய குழியில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் வற்றும், தூள் தங்கும், மறுபடி விடுவார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அது மூன்று ஏக்கர் பரப்புக்குக் குட்டையாகி நிரம்பிவிட்டது. வெயில் காலத்தில் மேல்புறம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். உள்ளே எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஆரம்பத்துல பள்ளம்தான் மேடம்" என்பார்கள்.

ஆடி மாதம் பிறந்தால் அந்தக் குட்டை ஊருக்குப் போகும். காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கொடியில் காயும் துணி, புளிய மரத்து இலை, மாடியில் காயும் வற்றல் எல்லாவற்றிலும் ஒரு பூச்சு. ஐப்பசி மழையில் கரை கசிந்து கண்மாய்க்குப் போகும். ஊரார் மனுக் கொடுத்தார்கள். குவாரியின் குத்தகை முடியும் நேரமும் அதுவும் ஒன்றாக வந்ததால், கனிமவளத் துறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கைவிடப்பட்ட ஸ்லரி குட்டையை மூடி, மண் பரப்பி, தாவரப் போர்வை ஏற்படுத்தினால்தான் குத்தகை நீட்டிப்பு என்று இருந்தது. "தாவரப் போர்வை" என்ற சொல்லை முதலாளி மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருந்தார். அந்தச் சொல்லுக்காகத்தான் என்னை எடுத்திருக்கிறார் என்பது அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்தது.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காரியம் முடிந்த மாதிரி தெரிந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று மனதார நம்புகிற மனிதர், அவ்வளவுதான்.

"ஒரே நாள்ல முடிச்சிரலாம் மேடம். ஐந்நூறு கண்ணு. சாமியானா, மைக் செட்டு. ஆபீஸ்லேருந்து ஒருத்தரக் கூப்புட்டு மொதக் கண்ணு நட வைப்போம்."

"சார், அதுல மண்ணே இல்ல. வெறும் கல்லுமாவு. சத்துக் கிடையாது. தண்ணி ஊத்துனா சிமென்ட் மாதிரி எறுகிரும், வேருக்குக் காத்துப் போகாது. மொதல்ல மண்ணு, சாணி, தழை எல்லாம் போட்டு..."

"படிச்சவங்களுக்கு எல்லாமே கஷ்டமாத்தான் தெரியும்" என்று அன்போடு சிரித்தார்.

விழா நன்றாக நடந்தது. வேம்பு, புங்கன், அதோடு நாற்றங்காலில் மிச்சம் கிடந்த அசோகா. அதிகாரி ஒருவர் வந்து குட்டையின் ஓரத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டார். அவர் கை கழுவ ஊற்றிய தண்ணீர்தான் அந்தக் கன்றுக்குக் கிடைத்த நல்ல தண்ணீர். பிறகு சுற்றுச்சூழலைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அவர் பேச்சை முடிக்கும் முன்பே மைக்கின் மேல் தூசி படிந்துவிட்டது.

சாமியானாவைப் பிரிக்கிற நேரத்தில் ஒரு பெண் கரை மேல் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். தோளில் தொரட்டிக் கம்பு. பின்னால் நாற்பது ஐம்பது ஆடுகள். நான் பள்ளியில் வேலை பார்த்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய மகள் என்னிடம்தான் ஒன்பதாவது படித்தாளாம்.

"டீச்சரம்மா, செடி நடுறீங்களாக்கும்?"

"ஆமாங்க."

"நடுங்க நடுங்க. போன வருசம் என்னோட சென ஆடு ஒண்ணு உள்ள போயிருச்சு. அது கெடக்கிற எடத்துலயும் ஒண்ணு நடுங்க. நல்ல ஒரம்."

பிறகு அவள் சொன்னதில் விஷயம் புரிந்தது. குட்டை வருவதற்கு முன்பு அந்த இடம் வழியாகத்தான் ஆடுகள் கண்மாய்க்குத் தண்ணிக்குப் போகும். இப்போது இரண்டு கிலோமீட்டர் சுற்று. நாலு தடவை முதலாளியிடம் வழி கேட்டிருக்கிறாள். நாலு தடவையும் பார்க்கலாம் என்றிருக்கிறார். அவளுடைய வீட்டுக்காரர் குவைத்தில் ஓட்டுநர். வாரம் ஒருமுறை வீடியோ காலில் ஆடுகளை நலம் விசாரிப்பார். செத்த ஆட்டைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை என்றாள். "கேமராவ அங்கிட்டுத் திருப்பிருவேன்" என்றாள்.

நான், "முதலாளிகிட்டச் சொல்றேங்க" என்றேன். அது ஐந்தாவது தடவையாகச் சேர்ந்தது.

ஒரு மாதத்தில் கன்றுகள் செத்தன. அசோகா ஒரு வாரம் முன்னால் போனது. வேம்பு வேம்புக்குரிய பிடிவாதத்தோடு இருபது நாள் நின்றது. அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும் நாள் வந்தது. "நடப்பட்ட கன்றுகள் நல்ல நிலையில் உள்ளன" என்று நான்தான் எழுதினேன். விழா நாள் எடுத்த படங்களை இணைத்தேன். அந்தப் படங்களில் அவை நல்ல நிலையில்தான் இருந்தன. கல்லூரியில் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுவோம். அதற்கு நல்ல மதிப்பெண் உண்டு. இதுவும் அந்த வகைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது பேனா தகராறு எதுவும் செய்யவில்லை.

ஆனால் அறிக்கையைப் படித்த யாரோ ஒருவர், அரசாங்கத்தில் அப்படியும் ஆள் இருக்கிறார்கள், "மண் பரப்பியதற்கான படம் இல்லையே" என்று பதில் எழுதிவிட்டார். மழைக்குப் பிறகு நேரில் ஆய்வுக்கு வருவார்கள் என்றும் இருந்தது.

மண் பரப்ப வேண்டும் என்றால் பொக்லைன் வண்டி குட்டைக்குள் இறங்க வேண்டும். அது சித்திரை மாதம். வெயிலில் மேல்புறம் கல் மாதிரி காய்ந்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பொறுப்பாளர் நீங்கதானே. பாத்துச் சொல்லுங்க, வண்டி எறங்கலாமா?"

கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த வேலையில் சேர்ந்து ஒரு விஷயத்தில் என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குட்டைக்குள் இருபது முப்பது அடி நடந்து போனேன். நின்றேன். குதித்தும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. "நல்லா காஞ்சிருச்சு சார், எறக்கலாம்" என்றேன். என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. வண்டி இருபது டன்னுக்குக் குறையாது. இந்த வித்தியாசம் எனக்கு அன்று தோன்றவில்லை. முதுகலைப் பாடத்திட்டத்தில் அது இல்லை.

பொக்லைன் ஓட்டுநர் கட்டுமாவடிக்காரர். மீன்பிடிக் குடும்பம். சின்ன வயதில் படகு கவிழ்ந்து ஒரு ராத்திரி முழுக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர். அதற்குப் பிறகு கடலே வேண்டாம், கல்லுப் பூமியில் ஏதாவது வேலை பார்ப்போம் என்று இங்கே வந்தவர். மூன்று வேளையும் மீன் இல்லாமல் சாப்பிடுவதுதான் இந்த ஊரில் தனக்கு இருக்கும் ஒரே கஷ்டம் என்பார்.

வண்டி கரையிலிருந்து நாற்பது அடி உள்ளே போகிற வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் காய்ந்த மேல்தட்டு, அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. இடது பக்கச் சங்கிலிச் சக்கரம் இறங்கியது. அவர் பின்னால் எடுக்கப் பார்த்தார். சங்கிலி சுற்றச் சுற்ற, உள்ளே இருந்த சேறு தயிர் மாதிரி கலங்கி மேலே வந்தது. பத்து நிமிடத்தில் இடது பக்கக் கதவு பாதி வரைக்கும் மூழ்கிவிட்டது. அவர் வலது பக்க ஜன்னல் வழியாக ஏறிக் கேபின் கூரை மேல் உட்கார்ந்துகொண்டார்.

கரையில் ஏழெட்டுப் பேர் நின்றோம். கயிறு போட்டார்கள், எட்டவில்லை. கல் அரைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் ஒருவர் இறங்கப் போய் இடுப்பு வரைக்கும் புதைந்து, அவரைத் தூக்குவதே ஒரு வேலையாகிவிட்டது. ஓட்டுநர் அங்கிருந்து பேசினார். கத்தவில்லை.

"மேடம், கடல்ல விழுந்தா நீச்சல் அடிக்கலாம். இதுல என்ன அடிக்கிறது?"

"அசையாம இருங்கண்ணே. ஆள் வருது" என்றேன். யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலாளி போனில் வந்தார். "வண்டி எவ்வளவு உள்ள போயிருக்கு?" என்று கேட்டார். ஆளைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "ஆள் மேலதானே உக்காந்திருந்தாரு" என்றார். அதில் தர்க்கப்பிழை இல்லை.

வந்தது ஆட்டுக்காரப் பெண்தான். கரையில் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஒரு பார்வை பார்த்தாள்.

"முள்ள வெட்டுங்க. அந்தா நிக்குதே கருவ முள்ளு, அம்புட்டையும் வெட்டி உள்ள போடுங்க. வெறுங்காலோட எவனும் எறங்காதீக."

"முள்ளு தாங்குமா?" என்றார் ஒருவர்.

"ஆட்டுக்குப் போட்டேன். தாங்குச்சு. ஆடு கிட்ட நான் போய்ச் சேரும்போது மூக்கு வரைக்கும் போயிருச்சு. இப்பயாச்சும் சட்டுனு வெட்டுங்கய்யா."

வெட்டினார்கள். குவாரியைச் சுற்றிச் சீமைக் கருவேலத்துக்கா பஞ்சம். கொப்பு கொப்பாகச் சேற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அதன் மேல் கிரஷரில் கழித்துப் போட்டிருந்த பழைய ரப்பர் பெல்ட்டை விரித்தார்கள். கல் ஏறிப் போகிற பட்டை அது, இரண்டரை அடி அகலம். ஒரு துண்டு போட்டு, அதன் மேல் படுத்து நகர்ந்து, அடுத்த துண்டைத் தள்ள வேண்டும். கனத்த ஆள் போனால் பெல்ட் பள்ளமாகிச் சேறு மேலே வந்தது. யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அதுவரைக்கும் நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவள். வண்டியை இறக்கச் சொன்னது நான்தான் என்று கரையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"டீச்சரம்மா, காஞ்சிருச்சுன்னு நீதானே சொன்ன? நீ போ."

போனேன். வீரம் ஒன்றும் இல்லை. அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சுடிதாரோடு குப்புறப் படுத்து, முழங்கையால் நகர்ந்தேன். பெல்ட்டின் ஓரத்தைத் தாண்டி முள் கையில் ஏறியது. சேற்றிலிருந்து கிளம்பிய கிணற்று வாடை இப்போதும் நினைவில் இருக்கிறது. பின்னாலிருந்து அவள் அடுத்த துண்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "அங்கிட்டுப் பாக்காத. முன்னாடி பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டு வண்டியின் சங்கிலியைத் தொட்டபோது ஓட்டுநர் மேலிருந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வெள்ளைச் சேறு. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"எறங்குங்கண்ணே. நிக்காதீங்க, படுத்துருங்க."

"நீங்க காஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேண்ணே."

நான் பின்பக்கமாக நகர, அவர் என் எதிரே முகம் பார்த்தபடி ஊர்ந்து வந்தார். கரைக்கு வருவதற்குக் கால்மணி நேரம் ஆனது. அந்தக் கால்மணி நேரமும் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். "நல்ல நிலையில் உள்ளன" என்று கையெழுத்துப் போட்டபோது எதிரே யார் முகமும் இருக்கவில்லை.

வண்டியை வெளியே இழுக்க இரண்டு நாளும் இரண்டு கிரேனும் வேண்டியிருந்தன. ஓட்டுநர் அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார். கடலே தேவலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இப்போது அண்ணன் படகில் போகிறார். எப்போதாவது வாட்ஸ்அப்பில் நண்டு படம் அனுப்புவார். நான் கும்பிடு போடுவேன்.

அந்த முள்ளையும் பெல்ட்டையும் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே கிடந்தன. கருவேல இலை உதிர்ந்து முள்ளுக்குள் தங்கியது. காற்று கொண்டுவந்த சருகும் மண்ணும் அதில் சிக்கின. வழி கேட்டு அலுத்த ஆட்டுக்காரப் பெண், கரையோரம் அந்த முள்பாதை கெட்டியாக இருந்த இடத்தில் ஆடுகளை நிறுத்தி மேய்ந்த களைப்பாற விட்டாள். ஐப்பசியில் இரண்டு மழை பெய்தது. ஒரு நாள் காலையில் கரையில் நின்று பார்த்தால், சாம்பல் நிறக் குட்டைக்குள் ஒரு பச்சைக் கோடு போகிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கொழுஞ்சி. அறுகு. ஓரத்தில் ஆவாரங்கன்று இரண்டு.

எல்லாம் எனக்குப் பாடத்தில் வந்தவைதான். கொழுஞ்சி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கும், எந்தக் கட்டாந்தரையிலும் வரும் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்நூறு கன்று நட்ட நிபுணர் செய்ய முடியாததை ஐம்பது ஆடுகளும் ஒரு விபத்தும் செய்து வைத்திருந்தன.

அவளைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுக்கிடை போடணும். குட்டைக்குள்ள" என்றேன். வயலில் உரத்துக்காக ஆடுகளை ராத்திரி அடைத்து வைப்பதுதான் கிடை. எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த வேலை. குவாரிக் கழிவில் போடுவதுதான் புதுசு.

அவள் சிரித்தாள். "ஒரு ஆடு போனது பத்தலையாக்கும்."

"அடியில முள்ளு போட்டு, மேல கண்மாய்க் கரம்பை மண்ணக் கொட்டி, கரையிலேருந்து கொஞ்சங்கொஞ்சமா உள்ள போவோம். கெட்டியான எடத்துல மட்டும் கிடை. ஒவ்வொரு தடவையும் ஒங்க ஆடு ஏறுறதுக்கு முன்னாடி நான் போய் நிக்கிறேன்."

"நீ நின்னா போதுமா? ஒன் எட என்ன, பத்து ஆட்டு எட என்ன?"

அதைக் கேட்டதும் எனக்கு முகம் சுண்டிப்போனது. "நாலு பேரோட போய் நிக்கிறேன்" என்றேன். அவள் தழையைக் கட்டி முடித்தாள்.

"வழி வேணும். வாய்ப்பேச்சு இல்ல. பேப்பர்ல."

முதலாளிக்கு ஆடு என்றதும் அவமானமாக இருந்தது. "குவாரில ஆடா? ஆய்வுக்கு வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட வேறு எந்தப் பச்சையும் இல்லை என்று சொன்னேன். சில நாள் முன்பு, பச்சை நிற நிழல் வலையை மூன்று ஏக்கருக்கும் விரித்துவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் வித்தியாசம் தெரியுமா என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். அதை நினைவுபடுத்தி, நேரில் வருகிறவர்கள் காலால் மிதித்துப் பார்ப்பார்கள் என்றதும் சம்மதித்தார். வழிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். "பொதுநலன் கருதி" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

மழை விட்டதிலிருந்து அடுத்த வருடம் முழுக்க அந்த வேலை நடந்தது. முள் வெட்டிப் பரப்புவது, கரம்பை கொட்டுவது, ஒரு வாரம் கிடை, பிறகு பத்தடி உள்ளே நகர்த்துவது. குட்டையின் நடுப்பகுதியைத் தொடவே முடியவில்லை. ஓரத்தில் பாதிக்கு மேல் பச்சை வந்தது. நான் கொழுஞ்சி விதையைத் தேடித்தேடிப் பொறுக்கித் தூவினேன். எங்களுக்குள் சண்டையும் நடந்தது. கிடையை அவள் ஒரே இடத்தில் நாலு நாள் அதிகம் விட்டுச் செடியெல்லாம் மிதிபட்டதற்கு நான் கத்தினேன். "ஒன் செடிய எங்க ஆடுதான் மொளைக்க வச்சுச்சு, தெரிஞ்சுக்க" என்று அவள் கத்தினாள். இரண்டு வாரம் ஆடுகளை அனுப்பவில்லை. பிறகு அவளே வந்து, பனியில் ஆடுகளுக்குக் கரை ஓரம்தான் கதகதப்பாக இருக்கிறது என்றாள். மன்னிப்பு என்று இருவருமே எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

செடியை ஆடுதான் முளைக்க வைக்கிறது என்று அவள் சொன்னது உண்மைதான் என்பது கொஞ்ச நாளில் வேறு விதமாகத் தெரிந்தது. ஆடுகள் கருவேல நெற்றைத்தான் விரும்பித் தின்னும். புழுக்கையில் விதை முழுசாக வெளியே வரும். கொழுஞ்சிக்கு நடுவே ஆயிரக்கணக்கில் சீமைக் கருவேலங்கன்றுகள் தலைகாட்டின.

மழைக்குப் பிறகு என்றிருந்த ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போய், ஒருவழியாக இருவர் வந்தார்கள். முதலாமவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கே" என்று படம் எடுத்தார். இரண்டாமவர் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இது சீமைக் கருவேலம். இத அழிக்கணும்னு உத்தரவு இருக்கு."

"சார், தாவரப் போர்வை வேணும்னுதானே கடிதம்" என்றேன்.

"அது அந்த ஃபைல். இது வேற ஃபைல்."

இரண்டு அதிகாரிகளும் ஒரே காரில்தான் வந்திருந்தார்கள். ஃபைல்கள் வேறு வேறு காரில் வந்திருக்க வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

பிடுங்கினோம். நானும் அவளும் ஊரிலிருந்து வந்த நாலைந்து பெண்களும் காலை வெயில் ஏறுவதற்குள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். வேர் ஆழமாகப் போயிருந்தது. எனக்கு அதில் ரகசியமாகச் சந்தோஷம். வேர் போகிற ஆழத்துக்கு அங்கே இப்போது ஏதோ ஒரு மண் இருக்கிறது. மறு ஆய்வில் அந்த இரண்டாமவர் கேட்டார்.

"மரம் எங்கம்மா?"

"மரத்துக்கு வருசம் ஆகும் சார். மொதல்ல புல்லு, பூண்டுதான் வரும்."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். நடுவில் வெறுமையாகக் கிடந்த சாம்பல் திட்டைக் காட்டினார். "அது?"

"அதுல ஒண்ணும் வரல சார். அடியில இன்னும் ஈரம். ஆள் நடக்க முடியாது. வேலி போட்டிருக்கோம்."

முதலாளி பக்கத்தில் நின்று இருமினார். இருமல் நிற்கும் வரைக்கும் காத்திருந்து, அதையே நான் அறிக்கையிலும் எழுதினேன். வந்த இடம் இவ்வளவு, வராத இடம் இவ்வளவு, முதலில் நட்ட கன்றுகள் அனைத்தும் இறந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு, குத்தகை போய்விடும், என் வேலையும் போய்விடும் என்று கணவரிடம் சொன்னேன். "கடையில மூட்டை எடுத்து வைக்க ஆள் வேணும்தான்" என்று ஆறுதல் சொன்னார்.

குத்தகை நீட்டிக்கப்பட்டது. நான் எழுதிய உண்மை யாரையும் பாதிக்கவில்லை. "பகுதியளவு திருப்திகரம்" என்று ஒரு வரி வந்தது. அதில் "பகுதியளவு" என்ற சொல்லை மறைக்கிற அளவுக்குக் கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் அகலமாக இருக்கும்படி பார்த்து, முதலாளி அதை அலுவலக அறையில் மாட்டினார்.

மறுவாரம் கிழக்குப் பக்கத்தில் பொக்லைன் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். புது ஸ்லரி குட்டைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"மணல் கழுவத்தானே மேடம் வேணும்" என்றார் முதலாளி. "எப்புடியும் மூடுறதுக்கு நீங்க இருக்கீங்க."

அவர் என்னைப் பாராட்டத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். ஒரே பள்ளமாக இல்லாமல் சின்னச் சின்னதாக நாலு தொட்டி. ஒன்று நிரம்பியதும் காயவிட்டு, காய்ந்ததை அள்ளிச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி நிரப்புவது. ஆட்டுப் பாதையிலிருந்து தள்ளிக் கரை. முதல் நாளே சுற்றிலும் வேலி. இது இல்லாமல் அடுத்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு தொட்டியை இரண்டாக்கிச் சம்மதித்தார்.

வேலி போடுகிற அன்று ஆட்டுக்காரப் பெண் கண்மாயிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஆடுகள் பழைய குட்டையின் ஓரமாக, தாளில் எழுதிக் கொடுத்த வழியில், தாளைப் பற்றிய அக்கறை இல்லாமல் நடந்தன. அவள் நின்று புது வேலியை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தாள்.

"டீச்சரம்மா, நல்ல வேலிதான். ஆள் உள்ள போறதுக்குக் கதவு எங்கிட்டு இருக்கு?"

நானும் ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். கதவு வைக்க மறந்துவிட்டிருந்தார்கள்.